குறுங்காட்சி நாவல்களும் விலங்கு முகங்களும்

ஒரே அமர்வில் வாசித்து முடித்துவிடக்கூடிய, வயதுவந்தோருக்கென்றே எழுதப்பட்ட, விலங்கு முகம் கொண்ட மாந்தர்களை வைத்துச் சோதனை செய்கிற விஷுவல் நாவல்களைச் சில ஆண்டுகளாகத் தேடித் தேடி வாசித்து வருகிறேன். இதை நண்பர்களிடம் சொன்னால் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள்தாம் கிடைக்கின்றன. குழந்தைகளுக்கான கார்ட்டூன்தானே என்று சிலர் ஏளனமாகச் சிரிக்கிறார்கள். வயதுவந்தோருக்கானது என்ற சொல் காதில் விழுந்ததுமே வேறு சிலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். இரண்டு தரப்பாரும் இந்த நாவல்களை வாசித்ததில்லை என்பதால் அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை. எனவே, இந்தக் குறுகிய வடிவத்தில் நான் எதைப் பார்க்கிறேன் என்பதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

விஷுவல் நாவலை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: திரையில் ஒரு பின்னணிப் படம், அதன்மேல் ஸ்ப்ரைட் எனப்படும் மாந்தரின் அசையா உருவம், கீழே உரைப்பெட்டி, கூடவே இசை. வாசகர் சொடுக்கச் சொடுக்க வரிகள் நகரும். சில இடங்களில் கதை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வாசகரே தேர்வு செய்வார். ஃபர்ரி என்று அழைக்கப்படும் வகையில் வரும் மாந்தர்கள் உண்மையில் விலங்குகள் அல்லர். அவர்கள் வாடகை கட்டுகிறார்கள், வேலையை இழக்கிறார்கள், மணவிலக்குக்கு விண்ணப்பிக்கிறார்கள். முகமும் தோலும் வாலும் மட்டும் ஓநாயினுடையதாகவோ நீர்நாயினுடையதாகவோ இருக்கின்றன. இத்தகைய உருவங்களை வயதுவந்தோருக்கான கதையில் நடமாடவிடுவதும் இணையம் கண்டுபிடித்த விபரீதம் அன்று. அமெரிக்காவில் வயதுவந்தோருக்கு மட்டுமே என்ற எக்ஸ் சான்றிதழைப் பெற்ற முதல் முழுநீள அசைவூட்டப் படம் 1972-இல் வந்த 'ஃபிரிட்ஸ் த கேட்'. அதன் நாயகன் ஒரு பூனை.

விஷுவல் நாவலின் தொடக்க வரலாற்றிலேயே முகத்தை மறைக்கும் உத்தி இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஜப்பானின் சுன்சாஃப்ட் நிறுவனம் 1994-இல் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்கு வெளியிட்ட 'கமைடாச்சி நோ யோரு' என்ற மர்மக் கதையில், பனிச்சறுக்கு விடுதியின் படங்களுக்கு மேல் மாந்தர்கள் வெறும் நீலநிற நிழலுருக்களாகவே காட்டப்பட்டார்கள். கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. முகம் காட்டப்படாததால் வாசகர் வரிகளிலிருந்தே முகத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1996-இல், லீஃப் என்ற நிறுவனம் திரை முழுவதும் எழுத்து நிரம்பும் அதே முறையை எடுத்துக்கொண்டு, 'விஷுவல் நாவல்' என்று பெயரிட்ட தன் வரிசையின் முதல் படைப்பான 'ஷிசுகு'வை வெளியிட்டது. அது வயதுவந்தோருக்கான படைப்பு. ஆக, இந்த வடிவத்தில் பாலுறவும் சோதனை முயற்சியும் பின்னால் யாரோ கொண்டுவந்து ஒட்டியவை அல்ல. தொடக்கத்திலேயே அவை உள்ளே இருந்தன.

ஜப்பானுக்கு வெளியே இருப்பவர்களுக்கு வழி திறந்தது ரென்பை. டாம் ராத்தமெல் 2004-இல் முதன்முதலாக வெளியிட்ட இந்த மென்பொருள் பைதான் மொழியின் மேல் கட்டப்பட்டது, இலவசமானது. நாடகப் பிரதி எழுதத் தெரிந்தவர் ஒரு வார இறுதியில் இதன் அடிப்படையைக் கற்றுக்கொண்டுவிடலாம். அடுத்த ஆண்டே, மார்ச் மாதம் முடிவதற்குள் ஒரு விஷுவல் நாவலை எழுதி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நானோரெனோ என்ற போட்டி தொடங்கியது. போட்டி என்று சொன்னாலும் பரிசு கிடையாது. ஒரு மாதத்தில் முடித்தாக வேண்டும் என்ற கெடு மட்டும்தான். இப்படிப்பட்ட கேம் ஜாம்களிலிருந்தே நான் விரும்பும் குறும்படைப்புகளில் பெரும்பாலானவை வருகின்றன. அதற்குக் காரணம் கலைக்கொள்கையை விடப் பணத்தோடு அதிகத் தொடர்புடையது.

ஃபர்ரி விஷுவல் நாவல்களில் பெயர்பெற்றவை பெரும்பாலும் நீளமானவை. பேட்ரியான் வழியாக வாசகர்கள் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார்கள். எழுதுபவர்கள் பதிலுக்கு அவ்வப்போது ஒரு புதிய பில்டை, அதாவது கதை இன்னும் கொஞ்சம் வளர்ந்த பதிப்பை, வெளியிடுகிறார்கள். கதை முடிந்தால் வருமானமும் முடியும் என்ற நிலையில், கதையை முடிப்பதற்கு எழுத்தாளருக்கு என்ன ஊக்கம் இருக்க முடியும்? துணைமாந்தர் ஒருவருக்கு வாசகர்கள் தனி ரூட் எனப்படும் கிளைக்கதை கேட்கிறார்கள், அது எழுதப்படுகிறது. அதற்குள் ஓவியர் விலகிப்போகிறார், பழைய ஸ்ப்ரைட்டுகள் எல்லாம் மாற்றி வரையப்படுகின்றன. ஐந்தாம் ஆண்டில் ஒருநாள் அறிவிப்பு எதுவும் இல்லாமல் எல்லாம் நின்றுபோகிறது. இதற்கு விதிவிலக்கான 'எக்கோ'வைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2015-இல் தொடங்கி 2021-இல் நிறைவடைந்த அந்தத் திகில் நாவலில், சேஸ் என்ற நீர்நாய் இளைஞன் அமெரிக்கப் பாலைவனத்தில் மெல்லச் செத்துக்கொண்டிருக்கும் தன் சொந்த ஊருக்குத் திரும்புகிறான். அங்கே அவனுடைய பழைய நண்பர்கள் ஐவர், அவர்களுக்கென ஐந்து ரூட்டுகள், எல்லோருக்கும் நடுவே ஒரு பழைய மரணம். அது முடிந்தது, நன்றாகவும் முடிந்தது. ஆனால் முழுவதையும் வாசிக்க எனக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. சில பகுதிகளில், எழுதியவர்களுக்கு நேரம் தேவைப்பட்டதால்தான் கதை சுற்றி வருகிறதோ என்ற ஐயமும் எழுந்தது.

கேம் ஜாமில் எழுதப்படும் குறும்படைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓர் ஓவியர் ஒரு மாதத்தில் வரையக்கூடியது இரண்டு மாந்தர்கள், ஆளுக்கு நான்கைந்து முகபாவங்கள், இரண்டு பின்னணிகள். அதற்குள் ஒரு வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். இந்த நெருக்கடியில்தான் விலங்கு முகம் அலங்காரமாக நிற்பதை விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்குகிறது.

மனித முகத்தைத் திரையில் பார்த்த கணத்திலேயே அதன் வயது, நிறம், வர்க்கம், அழகு ஆகியவற்றை நாம் எடைபோட்டுவிடுகிறோம். தெரிந்த ஒருவரின் சாயலையும் அதில் தேடுகிறோம். கரடியின் முகத்தில் இதில் பாதியைக்கூடச் செய்ய முடிவதில்லை. நீலநிற நிழலுருவுக்கும் முழுதாக வரையப்பட்ட மனித முகத்துக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில் அது நிற்கிறது: உணர்ச்சி தெளிவாகத் தெரிகிறது, அடையாளம் தெரிவதில்லை. அதோடு, அசையாத ஸ்ப்ரைட்டை வைத்துக்கொண்டு நடிப்பைக் காட்ட வேண்டிய ஓவியருக்கு விலங்கு உடல் கூடுதலான உறுப்புகளைத் தருகிறது. காது பின்னால் மடிவது, பிடரிமயிர் சிலிர்ப்பது, வால் காலோடு ஒட்டிக்கொள்வது என்று வாய் சொல்வதற்கு எதிரானதை உடல் சொல்லிவிடலாம். "எனக்கொன்றும் இல்லை" என்று உரைப்பெட்டியில் ஒரு நரி சொல்லும்போது அதன் காதுகள் மட்டும் தாழ்ந்திருந்தால், மனித ஸ்ப்ரைட்டுக்கு ஒரு பத்தி விவரணை தேவைப்படும் இடத்தை இந்த ஓவியம் சொல்லின்றிக் கடந்துவிடுகிறது. 'எக்கோ'வின் ஐந்து நண்பர்களில் ஒருவனான ஃப்ளின் ஒரு கிலா பல்லி. அந்த நச்சுப் பல்லியினம் உண்மையிலேயே அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களைச் சேர்ந்தது. ரோமமோ மடிகிற காதுகளோ இல்லாத அந்த முகத்தில் உணர்ச்சியைக் கண்ணையும் தாடையையும் மட்டும் கொண்டு காட்ட வேண்டியிருக்கிறது. எதற்கும் இறங்கிவராத அவனுடைய குணத்துக்கு அந்த முகம் மிகவும் பொருந்துகிறது. இனத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி எழுத்து என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன்.

ஆனால் பெரும்பாலானவர்கள் இதைச் சிந்திப்பதே இல்லை என்பது என் குறை. ஓநாய், நாய், நரி, மீண்டும் ஓநாய். ஓநாய் என்றால் தலைவன், முயல் என்றால் அச்சம், பூனை என்றால் கர்வம் என்று நர்சரிப் பாடப்புத்தக இலக்கணத்தையே வயதுவந்தோர் கதையிலும் திரும்ப எழுதுகிறார்கள். குறும்படைப்பில் வாசகரின் முன்முடிவு விரைவான உதவிதான். ஆயினும் அதை மூன்றாவது காட்சிக்குள் உடைக்காவிட்டால், விலங்கு முகம் ஓர் ஆடையாக மட்டுமே மிஞ்சும்.

வயதுவந்தோருக்கான பகுதிக்கு வருகிறேன். நீண்ட நாவல்களில் பாலுறவுக் காட்சி பெரும்பாலும் ஒரு கூலி. பல மணி நேரம் வாசித்தவருக்கு அது பரிசாகத் தரப்படுகிறது, பிறகு தனியாக ஒரு படத்தொகுப்பிலும் சேர்த்து வைக்கப்படுகிறது; அதை நீக்கிவிட்டு வாசித்தாலும் கதையில் ஓட்டை விழாது. குறும்படைப்பில் இடம் அவ்வளவு குறைவு என்பதால், அந்தக் காட்சி கதையின் ஏதாவது ஒரு சுமையைத் தாங்கியே ஆக வேண்டும். யார் முதலில் கையை நீட்டுகிறார், யார் விளக்கை அணைக்கச் சொல்கிறார், முடிந்த பிறகு யார் பேச மறுக்கிறார் என்பவைதாம் அங்கே கதை நகர்வு. உடல் அளவு வேறுபாடும் இங்கே பொருள் பெறுகிறது. ஒரே சட்டகத்துக்குள் கரடியையும் மரநாயையும் நிறுத்தினாலே, யாருக்கு யாரைக் கண்டு அஞ்சக் காரணம் இருக்கிறது என்ற கேள்வி படத்திலேயே எழுந்துவிடுகிறது. உருவில் பெரியவரே அஞ்சுகிறவராக இருந்தால் கதை அங்கேயே பிறந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமானது சொடுக்கு. விஷுவல் நாவலில், வரிகள் தானாக நகரும் முறையை இயக்காதவரை, எதுவும் வாசகரின் விரல் அசையாமல் நடப்பதில்லை. புதினத்தில் கண் தானாக ஓடுகிறது, திரைப்படம் நம்மைக் கேட்காமல் ஓடுகிறது. இங்கோ, அடுத்த வரி வர வேண்டுமென்றால் வாசகர் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்க வேண்டும். சாதாரண உரையாடலில் இது வெறும் பழக்கம். அந்தரங்கக் காட்சியில் இதுவே கிட்டத்தட்ட ஓர் ஒப்புதலாக மாறுகிறது: மாந்தர் இருவரும் ஒருவருக்கொருவர் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மூன்றாவதாக ஒருவர் சொடுக்கிச் சொடுக்கி அவர்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். இதை உணர்ந்து எழுதப்பட்ட படைப்புகளையே சோதனை முயற்சி என்று நான் மதிக்கிறேன்; எழுத்துருவைச் சாய்த்து வைப்பதும் திரையை நடுங்கவிடுவதும் சோதனை அல்ல.

ரென்பையில் இதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. சுட்டியின் சக்கரத்தை மேலே உருட்டினால் கதை பின்னோக்கிச் செல்லும். சொன்னதைச் சொல்லாததாக்கலாம், செய்த தேர்வை மாற்றலாம். எழுதுபவர் விரும்பினால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இந்தப் பின்வாங்கலை அடைத்துவிடலாம். அதுவரை எல்லாவற்றையும் திருத்திக்கொண்டே வந்த வாசகர், ஒரு மாந்தர் இன்னொருவரைக் காயப்படுத்தும் வாக்கியத்துக்குப் பிறகு சக்கரத்தை உருட்டிப் பார்த்து, அது நகரவில்லை என்று அறியும்போது ஏற்படும் திடுக்கிடலை அச்சுப் புத்தகத்தால் தர முடியாது. அதுபோல, கதையை மூடிவிட்டு மறுபடி தொடங்கினாலும் முந்தைய வாசிப்பை நினைவில் வைத்திருக்கும் மாறிகள் உண்டு. 2017-இல் ரென்பையில் எழுதப்பட்டு உலகப் புகழ் பெற்ற 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' கோப்புகளையே அழித்து விளையாடியது. அது திகிலுக்காகச் செய்தது. குறும்படைப்புகளில் இதே நினைவாற்றலை வெட்கத்துக்கும் குற்ற உணர்வுக்கும் பயன்படுத்தலாம். இரண்டாம் முறை வருகிற வாசகரிடம், "நீங்கள் எதற்காகத் திரும்பி வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்று ஒரு மாந்தர் சொன்னால், அந்தரங்கக் காட்சிக்காக மட்டும் திரும்பி வந்தவர் என்ன செய்வார்?

இத்தகைய படைப்புகளுக்கு இருந்த முதன்மையான வீடு 2013-இல் தொடங்கப்பட்ட, சிறு படைப்பாளர்கள் தங்கள் விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் தளம். பெரிய விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீம் 2018-இல் வயதுவந்தோர் விளையாட்டுகளுக்குக் கதவைத் திறந்தது என்றாலும், அங்கே ஒவ்வொரு படைப்புக்கும் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். இலவசமாக வைக்கப்போகும் அரைமணி நேரக் கதைக்கு அதை யார் கட்டுவார்கள்? இட்சில் கணக்குத் தொடங்கினால் போதும். ஆகவே 2025 ஜூலையில் நடந்தது பெரிய ஸ்டூடியோக்களை விட இந்தச் சிறு எழுத்தாளர்களையே அதிகம் அடித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில், பாலியல் வன்முறையையே மையமாகக் கொண்ட ஒரு விளையாட்டு ஸ்டீமில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்து விலக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கலெக்டிவ் ஷவுட் என்ற அமைப்பு, தளங்களிடம் நிற்காமல் பணப்பரிமாற்ற நிறுவனங்களிடமே முறையிட்டது. ஜூலை 24 வாக்கில் இட்ச் தளம் வயதுவந்தோருக்கான உள்ளடக்கம் அனைத்தையும், நல்லது கெட்டது பாராமல், தேடலிலிருந்தும் உலாவலிலிருந்தும் எடுத்துவிட்டது. பக்கங்கள் பெரும்பாலும் இருந்தன. நேரடி முகவரி தெரிந்தவர் திறக்கலாம், மற்றவர்களுக்கு அவை இல்லாதவையே.

அந்த முறையீட்டுக்குப் பின்னிருந்த சினத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வன்முறையை விற்பனைப் பொருளாக்கிய அந்த விளையாட்டுக்காக வாதாட எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் ஒரு படைப்பை வாசித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை, அட்டைப் பரிவர்த்தனையை நடத்தும் நிறுவனத்தின் இடர் மதிப்பீட்டுத் துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதுதான் நடந்தது. மணவிலக்குப் பெற்ற இரு நடுவயதினர் தயங்கித் தயங்கி ஒருவரையொருவர் தொடும் கதையும், எதிர்ப்புக்குக் காரணமான அந்த விளையாட்டும் அந்தத் துறையின் பட்டியலில் ஒரே பெட்டியில்தான் விழுந்தன. ஜூலை முடிவில் இலவசமாக வழங்கப்பட்டவை மட்டும் தேடலுக்குத் திரும்பின. குறும்படைப்புகளில் பெரும்பாலானவை இலவசமானவை என்பதால் வாசகராக எனக்கு இழப்பு குறைவு. ஓவியருக்காவது ஏதேனும் கொடுக்கலாம் என்று சிறு தொகை கேட்டவர்களுக்குத்தான் இழப்பு. விளைவு கொஞ்சம் விசித்திரமானது: கூலி வாங்காமல் எழுதினால் கண்ணில் படலாம், கூலி கேட்டால் மறைந்துவிடுவீர்கள்.

தமிழில் இப்படி ஒன்றை எழுத முடியுமா என்று நானும் முயன்று வருகிறேன். முன்பு இது தொழில்நுட்ப அளவிலேயே சிரமமாக இருந்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்; 'கொடு' என்று எழுதினால் திரையில் வருவதை வாசிக்க முடியாது. 2023-இல் வந்த ரென்பை 8.1 பதிப்பு ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவாக்க நூலகத்தை ஏற்றுக்கொண்ட பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது. மீதமிருப்பது இடப்பிரச்சினை. ஆங்கில வாக்கியத்துக்காக அளந்து வைத்த மூன்றுவரி உரைப்பெட்டிக்குள் தமிழ் வாக்கியம் அடங்குவதில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் கைபேசியில் கண் வலிக்கிறது. எனவே பெட்டியை விட்டுவிட்டு, 'ஷிசுகு' செய்ததுபோலத் திரை முழுவதும் எழுத்து நிரம்பும் முறைக்கு மாறிவிட்டேன். நீண்ட வாக்கியத்துக்கு அதில் மூச்சுவிட இடம் கிடைக்கிறது, ஸ்ப்ரைட் எழுத்துக்குப் பின்னால் மங்கலாக நிற்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

கதை எளியது. நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் ஒரே ஓர் இரவு. பணி ஓய்வை நெருங்கும் கழுதைப்புலிச் செவிலியர் ஒருத்தி, மனைவியை இழந்த லாரி ஓட்டுநரான கரடி ஒருவர். புள்ளிக் கழுதைப்புலிகளில் பெண்ணே உருவில் பெரியது, கூட்டத்தை நடத்துவதும் அதுதான் என்பதால் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தேன். கட்டளையிட்டே பழகிய ஒருத்தி கேட்கக் கற்றுக்கொள்வதுதான் கதை. தேர்வுப் பட்டியல் எங்கும் கிடையாது. "கொஞ்சம் இருங்கள்" என்று கரடி சொல்லும் ஓரிடத்தில் மட்டும் திரை நின்றுவிடும். அங்கே சொடுக்கினால் கதை தொடர்ந்து போகும், ஆனால் விடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் 'நீங்கள்' என்றே அழைத்துக்கொண்டிருப்பார்கள். சொடுக்காமல் காத்திருந்தால், அவரே பேசத் தொடங்குவார். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை வாசகருக்கு எந்த விதத்திலும் முன்கூட்டித் தெரிவிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

காத்திருப்பு எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதில்தான் இப்போது தேங்கி நிற்கிறேன். குறைவாக இருந்தால் தேநீர் எடுக்க எழுந்துபோனவர்கூடத் தற்செயலாக அந்த வழிக்குள் போய்விடுவார். அதிகமாக இருந்தால், கணினி உறைந்துவிட்டது என்று நினைத்துப் பொறுமையுள்ள வாசகரும் சொடுக்கிவிடுவார். பின்னணியில் ஓடும் மின்விசிறியின் ஒலியை மட்டும் நிறுத்தாமல் விட்டு, கரடியின் காதுகள் இடையில் ஒருமுறை அசையும்படி செய்தால், திரை உயிரோடு இருப்பது தெரியும் என்று ஓவியர் சொல்கிறார். அதற்குக் கூடுதலாக ஒரே ஒரு படம் வரைய வேண்டும், வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் இலவசமாகத்தான் வைக்கப்போகிறோம்.